பார்பிக்கு என்ன அர்த்தம் தெரியுமா?

உங்கள் வீட்டுப் பொம்மைக் கூடையில் பார்பி இருக்கிறாளா? அந்தச் செல்லப் பெயருக்கு என்ன பொருள் தெரியுமா? ‘புரியாத பாஷை பேசுகிறவள்’!

நிஜம்தான்! பார்பி என்பது பார்பராவின் சுருக்கம். பழைய கிரேக்கர்களுக்குத் தங்கள் மொழியைத் தவிர மற்ற எல்லா மொழியும் ‘பர் பர் பர்’ என்றுதான் காதில் விழுந்ததாம். அப்படிப் பேசிய அந்நியருக்கு ‘பார்பரோஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அதன் பெண்பால்தான் பார்பரா! ‘பார்பேரியன்’ என்று ஆங்கிலத்தில் திட்டுகிறார்களே, அதுவும் இதே குடும்பம்! வடமொழியில்கூட ‘பர்பர’ என்றால் குழறல் பேச்சு! 1959-இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த பொம்மைக்கு, அதை உருவாக்கிய ரூத் ஹேண்ட்லர் தன் மகள் பார்பராவின் பெயரைச் சூட்டினார். இரண்டாயிரம் ஆண்டுப் பழைய கிண்டல் இப்போது இளஞ்சிவப்புப் பெட்டியில் விற்கிறது!

பொம்மையே ஒரு பெண்தான்!

பார்பியை விடுங்கள். பொம்மைக்கு ஆங்கிலத்தில் ‘டால்’ என்கிறோமே, அந்தச் சொல்லே ஒரு பெண்ணின் பெயர் தெரியுமா? டோரத்தி! அந்தக் கால இங்கிலாந்தில் கொஞ்சிக் கூப்பிடும்போது ‘ர’ போய் ‘ல’ வந்துவிடும். சாரா சாலி ஆவாள், மேரி மோலி ஆவாள், டோரத்தி டாலி ஆவாள். அந்த டாலிதான் தேய்ந்து விளையாட்டுப் பொம்மைக்குப் பெயரானாள்!

இன்னும் ஒன்று! டோரத்தி என்றால் கிரேக்கத்தில் ‘கடவுளின் கொடை’. அந்தப் பெயரின் இரண்டு துண்டுகளை இடம் மாற்றிப் போட்டால் என்ன வரும்? தியோடோரா! பொருள் அதேதான். இரண்டே மணிகள், இரண்டு விதமாகக் கோத்தாயிற்று!

துப்பாக்கிக்குள் ஒரு சீமாட்டி

இதை முதன்முதலில் படித்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். துப்பாக்கியைக் குறிக்கும் ‘கன்’ என்ற ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்திருக்கலாம் என்று அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள் தெரியுமா? குன்ஹில்ட் என்ற பெண் பெயரிலிருந்து! 1330-ஆம் ஆண்டு வாக்கில் வின்சர் கோட்டையின் ஆயுதக் கணக்கில் ஒரு மாபெரும் விசைவில் இருக்கிறது. அதன் பெயர் ‘சீமாட்டி குனில்டா’! ஆயுதத்துக்குப் பெண் பெயர் வைக்கும் அந்த வழக்கமே பிறகு வெடிமருந்துக் குழாய்களுக்கும் தொற்றிக்கொண்டதாம்.

குன்ஹில்ட் என்றால் என்ன? பழைய வட ஐரோப்பிய மொழியில் ‘குன்’ போர், ‘ஹில்ட்’ சண்டை. ஆக, ‘போர்ச்சண்டை’! தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு வைக்கிற பெயரா இது?

வைத்தார்கள்! ஹில்டா என்றால் போர். மெட்டில்டா என்றால் போரில் வல்லவள். கெர்ட்ரூட் என்றால் ஈட்டியின் பலம். ஹெட்விக்? அதுவும் ‘சண்டை’யும் ‘போரும்’ சேர்ந்த பெயர்தான்! ஹாரி பாட்டரின் அந்த வெள்ளை ஆந்தையை இனிமேல் கொஞ்சம் மரியாதையாகப் பாருங்கள்!

முதல் உலகப் போரில் 42 சென்டிமீட்டர் வாயுள்ள ஜெர்மன் பீரங்கி ஒன்று பெல்ஜியத்தின் கோட்டைகளை நொறுக்கியது. அதற்குச் சிப்பாய்கள் வைத்த பெயர் ‘குண்டு பெர்தா’. தொழிற்சாலையின் சொந்தக்காரி பெர்தா குருப்பின் பெயர் அது. பெர்தாவின் பொருள் ‘ஒளிமிக்கவள்’. வெடித்தபோது ஒளி இருந்திருக்கும்தான்!

பெயர் சாந்தி, செய்தது என்ன?

ஐரீன் என்றால் கிரேக்கத்தில் ‘அமைதி’. நம்மூர்க் கணக்கில் சாந்தி! அந்தப் பெயருடைய பைசாந்தியப் பேரரசி ஒருத்தி இருந்தாள். 797-இல் அவளுடைய ஆட்கள் பேரரசன் ஆறாம் கான்ஸ்டன்டைனின் கண்களைப் பறித்தார்கள். யார் அந்தப் பேரரசன்? ஐரீன் பெற்ற மகன்! எந்த அறையில் பறித்தார்கள்? அவன் பிறந்த அதே அறையில்!

சரி, ஓல்கா? அது ஸ்காண்டிநேவியாவின் ‘ஹெல்கா’ ரஷ்யப் பக்கம் போய் உருமாறியது. பொருள் ‘புனிதவதி’. கீவ் நாட்டு ஓல்காவின் கணவனை ட்ரெவ்லியர் என்ற குலத்தார் 945-இல் கொன்றார்கள். பிறகு நடந்ததைப் பழைய ரஷ்ய வரலாற்றேடு சொல்கிறது, கேளுங்கள். “எங்கள் இளவரசனைக் கட்டிக்கொள்கிறாயா?” என்று கேட்க வந்த தூதர்களைப் படகோடு உயிருடன் புதைத்தாள். அடுத்து வந்தவர்களைக் குளியலறையில் பூட்டிக் கொளுத்தினாள். கருமாதி விருந்தில் 5,000 பேரை வெட்டச் செய்தாள். கடைசியில் அவர்கள் ஊரை முற்றுகையிட்டுக் கேட்ட கப்பம் என்ன தெரியுமா? வீட்டுக்கு மூன்று புறா, மூன்று சிட்டுக்குருவி! அவ்வளவுதானா என்று சந்தோஷமாகக் கொடுத்தார்கள். பறவைகளின் காலில் கந்தகம் கட்டி, நெருப்பு வைத்துப் பறக்கவிட்டாள். அவை தங்கள் கூட்டுக்கே திரும்பின. ஊர் மொத்தமும் சாம்பல்!

பின்னாளில் அவள் கிறிஸ்தவம் தழுவினாள். இன்று ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் அவள் புனிதை! பெயர் பலித்துவிட்டது பாருங்கள்!

ஒரே வீட்டில் எத்தனை பேர்?

பண்டைய ரோமில் பெண்களுக்குத் தனிப் பெயரே பெரும்பாலும் கிடையாது தெரியுமா? குலப் பெயரைப் பெண்பாலாக்கினால் முடிந்தது. யூலியஸ் வீட்டில் பிறந்தால் யூலியா. கொர்னேலியஸ் வீட்டில் கொர்னேலியா. இரண்டு பெண் பிறந்தால்? இருவருக்கும் அதே பெயர்! பெரியவள், சின்னவள் என்று ஒட்டு மட்டும் மாறும்.

பேரரசர் அகஸ்டஸின் சகோதரி ஒக்டாவியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு ஓர் அக்கா உண்டு. அக்காவின் பெயர்? ஒக்டாவியா! நம் ஒக்டாவியாவுக்கு முதல் கணவன் மூலம் இரண்டு பெண்கள். இருவரும் மார்செல்லா! அடுத்துக் கட்டிக்கொண்டது மார்க் ஆன்டனியை. இரண்டு பெண்கள். இருவரும் அன்டோனியா! சாப்பிடக் கூப்பிட்டால் யார் யார் வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்!

அந்தச் சின்ன அன்டோனியாவின் மகன்தான் பேரரசர் கிளாடியஸ். ‘கிளாடஸ்’ என்றால் லத்தீனில் நொண்டி. கிளாடியஸ் நிஜமாகவே காலைச் சாய்த்துத்தான் நடந்தார்! இன்று ஐரோப்பா முழுக்க அழகிகளுக்கு இருக்கும் ‘கிளாடியா’வின் வேர் இதுதான். சிசிலியா? ‘பார்வையற்றவள்’! போர்ஷியா? ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வக்கீல் வேடம் போட்டு வாதாடுகிறாளே, அந்தப் புத்திசாலியின் பெயர் ‘பன்றி’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து கிளைத்த குலப்பெயர்!

ஆறு மனைவி, எத்தனை பெயர்?

இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றிக்கு ஆறு மனைவிகள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஆறு பேருக்கும் சேர்த்து மொத்தம் மூன்றே பெயர்கள் என்பது தெரியுமா? மூன்று கேத்தரின், இரண்டு ஆன், ஒரு ஜேன்! தூக்கத்தில் உளறினாலும் மாட்டிக்கொள்ளாத ராஜா!

ரயில் கிளம்புகிறது, பெயர் மாறவில்லை!

ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு என்று ஒரு நகரம். பாலைவனத்துக்கு நடுவே ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்று ஓர் ஊர். ‘கான்’ என்ற புகழ்பெற்ற ரயில் இரண்டையும் இணைக்கிறது. ஒன்று இங்கிலாந்து ராணி அடிலெய்டின் பெயர். மற்றது தந்தி அதிகாரி சார்லஸ் டாடின் மனைவி ஆலிஸின் பெயர். இதில் என்ன ஆச்சரியம்?

இரண்டும் ஒரே பெயர்! ‘உயர்குடியாள்’ என்ற பொருளில் ஜெர்மானியரிடம் அடெல்ஹைட் என்று ஒரு பெயர் இருந்தது. பிரெஞ்சுக்காரர் வாயில் புகுந்து தேய்ந்து அது ஆலிஸ் ஆனது. தேயாதது அடிலெய்டு. பின்பாதியை மட்டும் பிய்த்துக் கொஞ்சினால் ஹைடி! சுவிட்சர்லாந்து மலையில் ஆடு மேய்க்கும் சிறுவனோடு திரிகிறாளே, அதே ஹைடி. ஆலிஸுக்கு ஒரு குட்டிப் பெயர் உண்டு, ஆலிசன். எண்ணிப் பாருங்கள், நான்கு பெயர், ஒரே ஆத்தா!

எலிசபெத்தும் லேசுப்பட்டவள் இல்லை. எபிரேயத்தில் ‘என் கடவுள் மேல் ஆணை’ என்கிற மாதிரிப் பொருள். இசபெல்லா, எல்சா, லிசா, பெட்டி, போலந்தின் எல்ஷ்பியெட்டா, ஹங்கேரியின் எர்ஷேபெட் எல்லாமே அவள்தான்! கொலம்பஸை அனுப்பிய ராணியும் பனிக்கட்டி வீசும் கார்ட்டூன் எல்சாவும் பெயரளவில் ஒருத்தியே!

மார்கரெட்டும் மார்ஜரினும்

ரொட்டியில் தடவும் மார்ஜரினுக்கும் மார்கரெட்டுக்கும் சொந்தம் உண்டு தெரியுமா? மார்கரெட் என்றால் கிரேக்கத்தில் முத்து. பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரெல் 1813-இல் கொழுப்பிலிருந்து முத்துப்போல மினுங்கும் ஒரு பொருளைப் பிரித்து, அதற்கு ‘மார்காரிக் அமிலம்’ என்று பெயரிட்டார். 1869-இல் வெண்ணெய்க்கு மாற்று கண்டுபிடித்தவர் அதையே தொட்டுப் பெயர் வைத்தார். நம்மூர் முத்துலட்சுமியும் மார்ஜரின் டப்பாவும் ஒரே அர்த்தத்தில்!

எழுத்தாளர் பெற்ற பிள்ளைகள்

வனெசா என்ற பெயர் எப்படிப் பிறந்தது தெரியுமா? ‘கலிவரின் பயணங்கள்’ எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட்டுக்கு எஸ்தர் வனொம்ரி என்று ஒரு தோழி. குடும்பப் பெயரிலிருந்து ‘வன்’, எஸ்தரின் செல்லச் சுருக்கத்திலிருந்து ‘எசா’. ஒட்டினார்! வனெசா ரெடி! அது இடம்பெற்ற அவருடைய கவிதை 1726-இல் அச்சேறியது. அதற்கு முன்னால் உலகத்தில் வனெசா என்று ஒரு பெண்ணும் இல்லை!

கதை இன்னும் இருக்கிறது. 1807-இல் ஃபாப்ரீஷியஸ் என்ற டென்மார்க் அறிஞர் ஒரு பட்டாம்பூச்சி இனத்துக்கு அந்தப் பெயரையே சூட்டினார். தரங்கம்பாடியிலிருந்து கப்பலேறிப் போன பல பூச்சிகளுக்கும் பெயர் வைத்த ஆள் அவர்! அந்த வனெசா இனத்துப் பட்டாம்பூச்சி ஒன்று தமிழ்நாட்டிலும் பறக்கிறது. உங்கள் தோட்டத்துக்கு ஸ்விஃப்ட்டின் தோழி வந்து போயிருக்கலாம்!

வெண்டியின் கதை கொஞ்சம் மனதைப் பிசையும். ‘பீட்டர் பான்’ எழுதிய ஜே.எம். பாரியிடம் கவிஞர் ஹென்லியின் சின்ன மகள் ஒட்டிக்கொண்டிருந்தாள். “என் ஃபிரெண்டி” என்று கூப்பிட நினைப்பாள். ‘ர’ வராது. “ஃபுவெண்டி” என்றுதான் வரும். 1894-இல், ஐந்து வயதில் அவள் போய்விட்டாள். பத்தாண்டு கழித்து, 1904-இல் மேடையேறிய நாடகத்தின் நாயகிக்குப் பாரி வைத்த பெயர் வெண்டி. அதற்குமுன் அங்கொன்று இங்கொன்றாக இருந்த பெயர், பிறகு வீட்டுக்கு வீடு! ஒரு குழந்தையின் மழலை இன்னும் பள்ளி வருகைப் பதிவேடுகளில் இருக்கிறது.

இமோஜென்? அச்சுப்பிழை! ஷேக்ஸ்பியர் வைத்தது ‘இன்னோஜென்’ என்கிறார்கள் ஆய்வாளர்கள். 1611-இல் நாடகத்தைப் பார்த்த சைமன் ஃபோர்மன் என்பவரும் அப்படித்தான் குறித்து வைத்திருக்கிறார். 1623-இல் அச்சுக்கோத்தவர் கண்ணில் இரண்டு ‘ன’ சேர்ந்து ‘ம’ ஆகிவிட்டது. நானூறு ஆண்டுப் பழைய அந்தப் பிழையைப் பெண்களுக்குச் சூட்டுகிறார்கள்!

பின்லாந்தின் ஐனோ இன்னும் வேடிக்கை. நாட்டுப்பாடல்களில் ‘ஐனோ’ என்றால் ‘ஒரே’ என்ற அடைமொழிதான். ஒரே தங்கை, ஒரே மகள் என்பதுபோல. காப்பியம் தொகுத்த எலியாஸ் லென்ரோட் அதைப் பெயராகவே ஆக்கிவிட்டார். இசைமேதை சிபெலியஸின் மனைவி பெயர் ஐனோ. அவர்கள் வீட்டின் பெயர் ஐனோலா!

டிஃபனி புத்தம்புதுப் பெயர் மாதிரி ஒலிக்கிறதா? ஏமாறாதீர்கள்! மூன்று ராஜாக்கள் திருநாளாகிய ஜனவரி 6-ஐ ஒட்டிப் பிறந்த பெண்களுக்கு வைத்த ‘தியோஃபானியா’ என்ற பெயர்தான், இடைக்காலத்திலேயே டிஃபனியாகிவிட்டது. நம்மூரில் தெருவுக்கு ஒரு ஜெனிஃபர் இருக்கிறாளே? அவள் ஆர்தர் மன்னனின் ராணி குவினிவியர்! அந்தப் பெயரின் கார்னிஷ் வடிவம்தான் ஜெனிஃபர்.

மெர்செடஸ், டோலோரஸ், வியாகுலமேரி!

மெர்செடஸ் கார் ஒரு சிறுமியின் பெயர் தெரியுமா? எமில் யெல்லினெக் என்ற வியாபாரி டைம்லர் கம்பெனி கார்களை விற்றார். புது மாதிரிக்குத் தன் மகளின் பெயரை வைக்கச் சொன்னார். அப்போது அவளுக்குப் பத்துப் பதினொரு வயது. அதோடு விட்டாரா? 1903-இல் தன் பெயரையே யெல்லினெக்-மெர்செடஸ் என்று மாற்றிக்கொண்டார். மகள் பெயரை இனிஷியலாகப் போட்டுக்கொண்ட அப்பா!

மெர்செடஸ் என்றால் ஸ்பானிய மொழியில் ‘இரக்கங்கள்’. இரக்கங்களின் மாதா என்று மரியன்னைக்கு ஒரு பட்டம், அதன் சுருக்கம் இது. ஸ்பெயினில் இப்படி ஒரு பெரிய வரிசையே உண்டு. பிலார் என்றால் தூண். சரகோசா நகரில் மாதா தூணின்மேல் காட்சி தந்தாள் என்ற நம்பிக்கை. டோலோரஸ் என்றால் துயரங்கள். அந்தத் துயரத்தைச் செல்லமாக எப்படிக் கூப்பிடுவார்கள்? லோலா!

இப்போது மெதுவாகப் படியுங்கள். டோலோரஸ் = வியாகுலமேரி. சொகோரோ = சகாயமேரி. ரொசாரியோ = செபமாலை. கொன்செப்சியோன் = அமலோற்பவமேரி. லூர்தெஸ் = லூர்துமேரி! நியெவெஸ் என்றால் ‘பனி’, ரோமில் ஆகஸ்டு மாதத்தில் பனி பெய்த புதுமையின் நினைவு. தூத்துக்குடிக்காரர்கள் இதற்குள் துள்ளியிருப்பார்கள்! ஆகஸ்டு 5, பனிமய மாதா! மாட்ரிட்டில் ஒரு பள்ளி வகுப்பும் நம் கடற்கரை ஊர்ப் பள்ளி வகுப்பும் ஒரே பட்டியலை இரண்டு மொழியில் வாசிக்கின்றன!

மரியா என்ற பெயரையே வைக்க அஞ்சிய இடங்களும் உண்டு. அயர்லாந்தில் மாதாவுக்கு மட்டும் ‘முவிரா’. மற்றப் பெண்கள் ‘மோய்ரா’தான். 17-ஆம் நூற்றாண்டில் போலந்துக்கு ராணியாகப் போன பிரெஞ்சு இளவரசி மரீ லூயிஸை “மரியா எங்கள் மாதாவின் பெயர்” என்று சொல்லி லுட்விகா ஆக்கிவிட்டார்கள்!

அவர் ஆன், ஆனால் ஆண்!

ஆன் த மோன்மொரான்சி 16-ஆம் நூற்றாண்டுப் பிரான்சின் தலைமைத் தளபதி. தாடி வைத்த ஆம்பளை! ஞானத்தாய் ராணி ஆன் என்பதால் அவருக்கும் அதே பெயர். ஜெர்மன் மொழிக் கவிஞர் ரைனர் மரியா ரில்கே? ஆண்! ஸ்பெயினில் ‘ஹோசே மரியா’ ஆண், ‘மரியா ஹோசே’ பெண். வரிசை மாறினால் கதை கந்தல்! ஆண்ட்ரியா ஜெர்மனியில் பெண், இத்தாலியில் ஆண். இத்தாலியில் ஒரு பெண் குழந்தைக்கு அந்தப் பெயரை வைக்க 2012-இல் உச்ச நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது!

நுட்டெல்லாவுக்குத் தடை!

பிரான்சில் 1803-இல் போட்ட சட்டப்படி நாட்காட்டியிலும் பழைய வரலாற்றிலும் உள்ள பெயர்களைத்தான் வைக்கலாம். 1993-இல்தான் கட்டு முழுசாக அவிழ்ந்தது. அவிழ்ந்த பிறகு என்ன ஆயிற்று? ஒரு தம்பதி தங்கள் மகளுக்கு ‘நுட்டெல்லா’ என்று பெயர் வைத்தார்கள். ஆமாம், அந்தச் சாக்லேட் பசைதான்! வலான்சியென் நகர நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. ‘எல்லா’ போதும் என்று முன்பாதியை வெட்டிவிட்டது. இன்னொரு ஜோடி ‘ஸ்ட்ராபெரி’ என்ற பொருளில் ‘ஃப்ரேஸ்’ என்று வைக்கப் பார்த்தது. அதுவும் முடியாது! கடைசியில் பழைய பெயரான ‘ஃப்ரேசீன்’ஐ வைத்துச் சமாளித்தார்கள்.

ஐஸ்லாந்து இன்னும் கறார். அங்கே பெயர்களுக்கென்றே ஒரு குழு! ‘பிளேர்’ என்று மகளுக்கு வைத்தார் ஒரு தாய். பொருள் இளந்தென்றல். ‘அந்தச் சொல் இலக்கணப்படி ஆண்பால்’ என்று மறுத்துவிட்டார்கள். 15 வயது வரை அரசுக் காகிதங்களில் அவள் பெயர் என்ன தெரியுமா? ‘சிறுமி’! 2013-இல் நீதிமன்றம்தான் அவளுக்குத் தென்றலைத் திருப்பிக் கொடுத்தது. நம்மூரில் தென்றல் என்று எத்தனை பெண்கள், ஒரு குழுவும் கேட்டதில்லை!

லெனின் திரும்பி நின்றால்?

நினெல் என்ற சோவியத் பெண் பெயரை ரஷ்ய எழுத்தில் பின்னாலிருந்து படியுங்கள். லெனின்! விளாதிமீர் லெனினைச் சுருக்கினால் விளாத்லேனா! அக்டோபர் புரட்சி நினைவாக ஒக்தியாப்ரினா! ஏங்கெல்சின் பெயரில் எங்கெல்சினா! 1936-இல் ஸ்டாலினுக்கு மலர்க்கொத்து கொடுத்துக் கட்டிப்பிடித்த ஏழு வயது எங்கெல்சினாவின் படம் நாடெங்கும் சுவரொட்டியானது. இரண்டே ஆண்டில் அவள் அப்பாவை மக்கள் விரோதி என்று சுட்டுக் கொன்றார்கள். சுவரொட்டியில் அவள் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள்.

ஸ்டாலின் மகள் ஸ்வெத்லானா பெயரும் ஒரு கவிஞர் புண்ணியம். ஷுக்கோவ்ஸ்கியின் 1813-ஆம் ஆண்டுக் கதைப்பாடல்தான் அதை ஊரெங்கும் பரப்பியது. ‘ஒளி’ என்று பொருள். தேவாலயப் பட்டியலில் இல்லாததால் ஞானஸ்நானத்துக்கு அதே பொருளுள்ள கிரேக்கப் பெயரைக் கடன் வாங்கினார்கள்!

11-ஆ, 11,000-ஆ?

உர்சுலா என்றால் ‘குட்டிப் பெண் கரடி’! அந்தப் பெயருள்ள புனிதையோடு ஜெர்மனியின் கொலோன் நகரில் 11,000 கன்னியர் கொல்லப்பட்டதாகக் கதை. பதினோராயிரமா? பழைய ஏட்டில் ரோமன் எண் பதினொன்றுக்குப் பக்கத்தில் ‘எம்’ என்ற எழுத்து இருந்திருக்கலாம். ‘மறைச்சாட்சி’ என்பதன் முதலெழுத்து அது. யாரோ அதை ஆயிரம் என்று படித்துவிட்டார் என்பது ஒரு விளக்கம்! 1493-இல் கொலம்பஸ் கணக்கில்லாத குட்டித் தீவுகளைக் கண்டு, இந்தக் கன்னியர் நினைவாகவே ‘வர்ஜின் தீவுகள்’ என்றார். ஓர் எழுத்து கடல் தாண்டிவிட்டது!

கெட்ட வானிலையா? அப்போ பெண்!

1954 முதல் பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகம் ஐரோப்பாவின் வானிலைக்குப் பெயர் வைக்கிறது. மழையும் புயலும் கொண்டுவரும் தாழ்வழுத்தத்துக்குப் பெண் பெயர். வெயிலடிக்கும் உயரழுத்தத்துக்கு ஆண் பெயர்! பெண்கள் சும்மா இருப்பார்களா? 1998-இலிருந்து ஆண்டுக்கு ஆண்டு மாற்றி மாற்றி வைக்கிறார்கள். காசு கட்டினால் உங்கள் பெயரையும் வைக்கலாம். மாமியார் பெயரைப் புயலுக்குக் கொடுக்க நினைப்பவர்கள் ஆண்டைக் கவனித்துக்கொள்ளவும்!

லாட்வியாவில் பிறந்தநாள் மட்டுமா கொண்டாடுவார்கள்? பெயர்நாளும் உண்டு! நாட்காட்டியில் ஒவ்வொரு தேதிக்கும் சில பெயர்கள். அன்னாவுக்கு ஒரு நாள், லீகாவுக்கு ஒரு நாள். அந்தத் தேதி வந்தால் பூவும் கேக்கும் வீடு தேடி வரும். அழைப்பே வேண்டாம்! நாட்காட்டியில் இல்லாத பெயர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு தேதியை ஒதுக்கிவிட்டார்கள், மே 22. செல்வி, பூங்கொடி, வியாகுலமேரி, உங்களில் யாராவது அன்று ரிகா நகரில் இருந்தால் கதவைத் திறந்து வையுங்கள், கேக் வரும்!